எங்கள் அப்பா கும்பிட மாட்டார்

உட்காருங்கள் அக்கா. பையைத் தரையில் வைக்காதீர்கள், இப்போதுதான் துடைத்துவிட்டுப் போனார்கள், ஈரம். இதோ, நான் நகர்ந்துகொள்கிறேன். உள்ளே போனது உங்கள் வீட்டுக்காரர்தானே? இடது பக்கம், இல்லையா? காலை இழுத்து வைப்பதிலேயே தெரிந்தது. நீங்கள் புதிது என்பதும் தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள்தான் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகியவர்கள் போனைப் பார்ப்பார்கள்.

நானா? நான் பழகியவள். சொல்லப்போனால் உள்ளே இருக்க வேண்டியவள். இன்றைக்கு வெளிநடப்புச் செய்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். சட்டமன்றத்தில் செய்தால் தலைப்புச் செய்தி, பிசியோதெரபி அறையில் செய்தால் சிரிப்பா? ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையில் என் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு, கண்ணியமாக எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். தானாகச் சாத்திக்கொள்கிற கதவுதான், அது வேறு.

என் பேச்சு உங்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மாலையானால் கறுப்புச் சட்டை, தெருமுனைக் கூட்டம். வீட்டுக்குள்ளும் மைக் முன்னால் நிற்கிற மாதிரிதான் பேசுவார். மற்ற வீட்டுக் குழந்தை ‘அப்பா, பசிக்குது’ என்று அழும். நான் ‘அப்பா, எனக்குப் பசிக்கிறது’ என்று அழுதேனாம். பள்ளிக்கூடத்தில் என்னை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது திருச்சியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். தூக்கத்தில்கூட நான் ‘மாறாக’ என்று ஆரம்பிக்கிறேனாம்.

என் பெயர் எழினி. அப்பா பெயர் அறிவழகன். பிறந்தபோது வைத்தது வைத்தியநாதன், கறுப்புச் சட்டை போட்டபோது மாற்றிக்கொண்டார். அம்மா பெயர் தையல்நாயகி, கோயிலில் வைத்தியநாதருக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மன் பெயர். பெயர்ப் பொருத்தம் பார்த்தே பெண்ணைக் கொடுத்துவிட்டார்களோ என்று அப்பாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. கல்யாணமான புதிதில் அம்மா பெயரையும் மாற்றிவிடலாம் என்றாராம். ‘ரேஷன் கார்டுல மாத்த நீங்க போய் நிப்பீங்களா, நான் நிக்கணுமா?’ என்று அம்மா கேட்டிருக்கிறாள். அந்தச் சீர்திருத்தம் அதோடு நின்றது.

போன ஜூலையில் ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சுவரோடு சரிந்துவிட்டார். வலது கை, வலது கால், வாய் ஒரு பக்கமாக. தெருவில் சிலர் சாமி குத்தம் என்றார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார், குத்தம் அதுதான். நான் வீடு வீடாகப் போய் இதை விளக்கினேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அம்மா ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அலைகிறாள், நான் எதிர்வீட்டுப் படியில் நின்று மூளை ரத்தக் குழாயைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். சரி, யாராவது எடுக்கத்தானே வேண்டும்?

பேச்சு போகவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சொல்லெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே வர நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதுவரை எதிரில் இருப்பவர்கள் சங்கடப்படுவார்கள், இல்லையா? அதனால் நான் அவருக்காகச் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள், அடுத்த வாக்கியம் எது என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். ஒரு நிமிடம், இதை முடித்துவிடுகிறேன்.

பிரச்சினை முழுக்க ஒரு தாழ்ப்பாள்தான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்ததும், விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்த நான் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். டாக்டரே சொன்னதுதான், கொஞ்ச நாளைக்கு உள்ளே தாழ் போட வேண்டாம் என்று. அம்மா அவரைத் தாங்கி உள்ளே அழைத்துப் போவாள். நான் கதவிடுக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். அம்மாவுக்கு முட்டி வலி. அவள் முட்டி மடங்கினால் இரண்டு பேரும் சேர்ந்தல்லவா விழுவார்கள்? அதனால் ‘அப்பா, நன்றாக இருக்கிறீர்களா?’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

அப்பாவுக்குக் கூச்சம். உடம்பைப் பற்றிய கூச்சமே நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம் என்று கதவுக்கு வெளியில் நின்றபடியே அவருக்கு விளக்கினேன். நேரம் போனது. அப்புறம் அம்மா எட்டிப் பார்த்து, ‘அவருக்கு வரவே மாட்டேங்குதுடி. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயேன்’ என்றாள்.

ஊர் ஊராக மேடையேறி மானத்தைப் பற்றிப் பேசிய மனிதர் அக்கா. இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, யாரும் இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு நாள் முழுக்க முயன்று இதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்போது ஆஸ்பத்திரிக் கழிப்பறைகளில் கைப்பிடிக் கம்பி வைக்காதது பற்றி ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருக்கிறாரே ஷகிலா பானு, உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிப் போனவர், அவரிடம் அம்மா போய்க் கேட்டாள். பானு அப்பாவிடமே நேராகச் சொன்னார்: ‘சார், நாற்காலியிலேர்ந்து யாரும் பிடிக்காம நீங்களா எந்திரிக்கணும். ஆடாம நிக்கணும். பொத்துன்னு விழாம திரும்ப உக்காரணும். இது மூணும் வந்துட்டா தாழ்ப்பாள மாட்டிடலாம், நான் பொறுப்பு.’ அப்பா வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் அவர் பெயரை அறிவிக்கும்போது உட்காருவாரே, அப்படி.

எழுந்து நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். நாற்காலி விளிம்புக்கு வர வேண்டும். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கை விரல்களையும் கோத்து முன்னால் நீட்ட வேண்டும், நல்ல கை மற்றக் கையைக் கூட்டிக்கொண்டு போகும். அப்படியே முன்பக்கம் குனிந்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்போது எழ வேண்டும். பாரம் இரண்டு காலிலும் விழும். இதெல்லாம் அறிவியல், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள் அக்கா. கையைச் சேர்த்து, குனிந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி கையைச் சேர்த்து. எது மாதிரி இருக்கிறது?

அதற்கு மேல் அந்த நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் பிள்ளையார் படம். பிளாஸ்டிக் மாலை, சுற்றி மினுக்கு பல்பு.

பானு அப்பாவின் இரண்டு கையையும் கோத்துவிட்டு உயர்த்தினார். அப்பா தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. பானு மறுபடி உயர்த்தினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பலமாகத் தலையை ஆட்டினார். நான் எழுந்தேன்.

‘எங்கள் அப்பா கும்பிட மாட்டார்’ என்றேன்.

சுவரோரம் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் இழுப்பதை நிறுத்திவிட்டார்.

‘கும்பிடச் சொல்லலீங்க. எந்திரிக்கச் சொல்றேன்’ என்றார் பானு.

‘நோக்கம் வேறாக இருக்கலாம். வடிவம் ஒன்றுதான். வடிவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.’

‘அந்தப் படத்த நான் மாட்டலம்மா, கட்டடத்துக்காரர் மாட்டுனது. நான் ஏன் பிள்ளையார மாட்டப் போறேன்? உங்களுக்கு அதுதான் கஷ்டம்னா நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கலாம்.’

திருப்பினோம். ஜன்னல் பக்கம். ஜன்னலுக்கு வெளியே கோபுரம். கிழக்கே திருப்பினோம். வராந்தா வழியாக இன்னொரு கோபுரத்தின் கலசம். கும்பகோணத்தில் நாற்காலியை எந்தப் பக்கம் போட்டாலும் ஏதாவதொன்று எட்டிப் பார்க்கும் அக்கா, நான் அன்றைக்குத்தான் அதை முழுசாக உணர்ந்தேன். கடைசியில் நிலைக்கண்ணாடி முன்னால் போட்டார்கள். இனி அவரையேதானே பார்க்கப் போகிறார் என்று பானுவுக்கு ஒரு நிம்மதி. கையைத் தூக்கினால் அப்பா மறுபடியும் தலையை ஆட்டுகிறார். தன்னைத்தானே வணங்குவது தனிமனித வழிபாட்டின் உச்சம் அல்லவா, அதைத்தான் அப்பா மறுக்கிறார் என்று நான் விளக்கினேன். காலில் மணல் பை கட்டியிருந்த பெரியவர் ஒருவர், ‘பாப்பா, அவரு கும்புடலேன்னா போவுது, நீ கொஞ்சம் உக்காரேன்’ என்றார்.

இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. மற்றதெல்லாம் செய்தார். படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றுவது, குதிகாலை உயர்த்துவது. எழுந்து நிற்பது மட்டும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எழட்டுமே என்றார் பானு. கைகட்டி நிற்பது அடிமையின் நிலை என்று நான் ஏற்கவில்லை. நானும் சும்மா எதிர்ப்பு மட்டும் சொல்கிறவள் இல்லை, மாற்றுத் திட்டமும் கொடுப்பேன். கையை மடக்கி, முழக்கம் போடுகிற மாதிரி மேலே உயர்த்திக்கொண்டு எழட்டும் என்றேன். பானு பெருமூச்சு விட்டுவிட்டு அதையும் செய்து பார்த்தார். வலது கையைப் பிடித்து மேலே தூக்கியதும் அப்பாவிடமிருந்து ‘ஆ’ என்று ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர். பழைய மேடைகளெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன என்று நினைத்தேன்.

இருங்கள் அக்கா, வருகிறேன், முக்கியமான இடம் இனிமேல்தான்.

நடுவில் திருச்சியில் ஒரு விவாதப் போட்டி. போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். அம்மா என் பையைத் தானே எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். தலைப்பு கருத்துரிமை. முதல் பரிசு எனக்கு. எதிரணிப் பையனை வாயே திறக்க விடவில்லை என்று நடுவர் மேடையிலேயே பாராட்டினார். கோப்பையை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று, இன்னும் ஓர் இரவு தங்காமல் மறுநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கதவு திறந்திருக்கிறது. கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் அம்மா சிரிக்கிறாள். அப்பாவுக்கு இப்படி ஆனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன்.

அப்பா சமையல் மேடையை ஒட்டி நிற்கிறார். பின்னால் ஒரு நாற்காலி. மடித்த ஈரத்துண்டின் மேல் வலது கை, அதன் மேல் இடது கை. கடப்பைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் அக்கா. மெதுவாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. துண்டு வலது பக்கம் போகும்போது உடம்பும் வலது பக்கம் சாய்கிறது, வலது கால் பாரத்தைத் தாங்குகிறது. அம்மா பக்கத்தில் நின்று அவரைக்காய் நறுக்கிக்கொண்டே மேற்பார்வை பார்க்கிறாள்.

‘அந்த மூலையில மஞ்சக் கறை இருக்கு பாருங்க.’

‘மூலை... எட்டல.’

‘எட்டும் எட்டும். இன்னும் கொஞ்சம் சாயுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பெண் விடுதலை பேசுனீங்க, இந்த மூலைக்கு அது இப்பத்தான் வந்து சேந்துருக்கு.’

அப்பாவும் சிரித்தார், பாதி வாயால்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. துடைத்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்தவர், இரண்டு கையையும் கோத்தார். மேலே தூக்கவில்லை. தொடை மேலேயே வைத்து, முழங்காலைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி முன்னால் தள்ளினார். குனிந்தார். அம்மா அவர் இடுப்பில் ஒரு கையை மட்டும் லேசாக வைத்தாள். எழுந்துவிட்டார்.

என் கையில் கோப்பை. ‘அப்பா, நீங்கள் கும்பிடுகிறீர்கள்’ என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். திருடப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி. அப்பா இடது கையால் வலது தோளைத் தொட்டார். வாயைத் திறந்தார். நானும் காத்திருந்தேன், அம்மா கண்ணால் மிரட்டியதால் காத்திருந்தேன்.

‘வலி’ என்றார்.

அவ்வளவுதான் அக்கா. தோள் வலி. கையை மேலே தூக்கினால் உயிர் போகிற வலியாம். பக்கவாதம் வந்த தோளுக்கு அது சகஜமாம். கொள்கையும் இல்லை, கோபுரமும் இல்லை. நான் பிள்ளையாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் சொல்ல வந்தது அந்த ஒரு சொல். அம்மா சட்டைக் கையை மாட்டிவிடும்போது அவர் பல்லைக் கடித்ததைப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறபோது வரட்டும் என்று இருந்திருக்கிறாள். வந்திருக்கிறது. பானுவிடம் சொல்லி, கையைத் தாழ்வாகவே வைத்துச் செய்கிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து.

‘ஏன் என்னிடம் சொல்லவில்லை?’ என்று கேட்டேன்.

‘அவரு ஒரு வார்த்த சொல்றதுக்கு நேரமாவுது எழினி. நீ அதுக்குள்ள தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டுடுற.’

இது உண்மையல்ல. நான் காத்திருக்கிறவள்தான். போன வாரம்கூட அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், ‘கா’ என்றார், நான் காத்திருந்தேன், நன்றாகக் காத்திருந்தேன், பிறகு ‘காபியா அப்பா?’ என்று கேட்டேன். தலையாட்டினார். போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பின்னால் பார்த்தால் மின்விசிறி ஓடாமல் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, காற்று கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. அது வேறு.

நான் பானுவிடம் நேராகவே கேட்டேன். வலிக்கிறதா என்று கேட்க வேண்டிய கடமை யாருடையது? ‘என்னுதுதான். தோள நான் கவனிச்சிருக்கணும்’ என்று ஒப்புக்கொண்டார். ‘ஆனா அவரு தலையாட்டும்போதெல்லாம் நீங்க கொள்கைன்னீங்க. அவ்ளோ உறுதியாச் சொன்னீங்களா, நானும் கொள்கைன்னே நெனச்சிட்டேன்.’ பாருங்கள், பழி யார் தலையில் வந்து விழுகிறது என்று. விவாதத்தில் இதைத் திசைதிருப்பல் என்போம்.

அதிலிருந்து நான் கோட்பாடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். நடைமுறையில் இறங்கினேன். அப்பா இடுப்பில் ஒரு துணிப்பட்டை கட்டுவார்கள், விழாமல் பிடிக்க. அந்தப் பட்டை என் பொறுப்பு. அவர் எழும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதைப் பிடித்து மேலே தூக்கினேன். நான் பிடித்தால் அருமையாக எழுகிறார் அக்கா. பானுதான் அதில் குறை கண்டுபிடித்தார். பாதிப் பாரத்தை நான் தூக்கிவிடுகிறேனாம். வலது காலுக்கு வேலையே வைக்கவில்லையாம்.

இன்றைக்குத்தான் பரீட்சை. காலையிலேயே அப்பா தானாகச் சவரம் செய்துகொண்டார், இடது கையால், இரண்டு இடத்தில் கீறல். கறுப்புச் சட்டை போட்டுவிடச் சொல்லி அம்மாவுக்கு ஜாடை காட்டினார். அம்மா முதலில் வலது கையை நுழைத்தாள், அதுதான் முறை. உள்ளே வந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தார். பாதத்தைப் பின்னால் இழுத்தார். கையைக் கோத்தார். நான் பட்டையைப் பிடித்தேன்.

‘கைய எடுங்க எழினி’ என்றார் பானு.

‘விழுந்தால்?’

‘பின்னாடி நாற்காலி இருக்கு. பக்கத்துல நான் இருக்கேன். எடுங்க.’

விழுவதற்கான வாய்ப்பை அறிந்தே ஒருவரைத் தனியாக விடுவது எந்த வகை அறம் என்று கேட்டேன். சுதந்திரம் என்பதும் கைவிடுதல் என்பதும் ஒன்றல்ல என்றேன். நல்ல வாக்கியம், இல்லையா? போட்டியில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். பானு என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். அப்பா கோத்த கையைப் பிரித்து, இடது கையைப் பின்னால் கொண்டுவந்து, பட்டையிலிருந்து என் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. சுண்டுவிரலில் ஆரம்பித்து. சின்ன வயதில் மிட்டாய்க்கடை வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அடம்பிடிப்பேன், அப்போதும் இப்படித்தான் பிரிப்பார். அன்றைக்குத் திட்டிக்கொண்டே பிரித்தார். இன்றைக்குக் கட்டைவிரலையும் எடுத்து முடித்துவிட்டு, கதவைக் காட்டினார்.

அதன் பிறகு நான் வெளிநடப்புச் செய்தேன்.

வெளியேற்றம் வேறு, வெளிநடப்பு வேறு அக்கா. அவர் கதவைக் காட்டியதற்கும் நான் கிளம்பியதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் முடிவெடுத்தது நான். இதில் யாரும் என்னோடு வாதம் செய்ய முடியாது.

என்ன, கதவா? ஆமாம், திறக்கிறது. உங்கள் வீட்டுக்காரராகத்தான்... இல்லை, அப்பா. நாலு கால் ஊன்றுகோல் இடது கையில். பானு பின்னால்தான் வருகிறார், தொடவில்லை. பட்டையைக்கூட அவிழ்த்துவிட்டார்கள்.

பானு, நின்றாரா? யாரும் பிடிக்காமலா? ஆடவே இல்லையா? ஒரே ஒரு தடவை ஆடினாரா, தானே சரிசெய்துகொண்டாரா. சரி. சரி. உட்கார்ந்தது? அதுவுமா.

எங்கே போகிறார்? அப்பா, நம் பெஞ்சு இங்கே இருக்கிறது. அப்பா. அவர் நேராகப் போகிறார் அக்கா. அந்தக் கோடியில் கழிப்பறைதான் இருக்கிறது. உள்ளே கம்பி இருக்கிறது, தரை வழுக்காத தரை, நான்தான் முதல் நாளே பார்த்துவைத்தேன். இருந்தாலும் பானு, நீங்கள் கூடப் போக வேண்டாமா? வாசல் வரைக்கும்தானா? அம்மா மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள், இல்லாவிட்டால் அவளாவது...

கேட்டதா? தாழ்ப்பாள். போட்டுவிட்டார்.

நான் எழுந்தது கால் மரத்துப்போனதால். இதோ உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடப் போவதில்லை. தட்டப் போவதும் இல்லை. பானு வாசலில் நிற்கிறார், போதும். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை அக்கா, நான் எங்கேயும் போகவில்லை. சரி, பிடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. குழாய்தானே அது? குழாய்தான்.

இவ்வளவு நேரமா ஆகும்? ஆகட்டும். எனக்கு அவசரமில்லை.

தாழ் நீக்குகிறார். வந்துவிட்டார். சட்டை முன்பக்கம் நனைந்திருக்கிறது, பரவாயில்லை. எவ்வளவு நிமிர்ந்து வருகிறார் பாருங்கள். என்னிடம்தான் வருகிறார். ஏதோ சொல்லப் போகிறார்.

‘தா...’

தாகமா? தண்ணீர் பாட்டில் இருக்கிறது. தாங்க வேண்டுமா? அப்பா, தாங்கவா... இல்லை. சரி. நான் பேசவில்லை. சொல்லுங்கள் அப்பா. நான் பேசவே இல்லை.

‘தாழ்... ப்பாள்.’

கையை நீட்டுகிறார் பாருங்கள், ஊன்றுகோலைப் பெஞ்சை ஒட்டி நிறுத்திவிட்டு. நம் வீட்டுத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்லியிருப்பாள். வீட்டில் இருந்தால் அவள் எடுத்து மாட்டிவிடுவாளே என்று, கழற்றிய நாளிலிருந்து என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் அப்பா. சீப்பு, சார்ஜர், இது போட்டியில் கொடுத்த பேனா. இதோ. திருகாணியெல்லாம் இந்தக் காகிதப் பொட்டலத்தில். வீட்டுக்குப் போனதும் நானே மாட்டித்...

சரி அப்பா. நீங்களே.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். அந்தப் பை கிழியும், இரும்பு அது, கனம். கிழியட்டும்.

அக்கா, வந்ததிலிருந்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் முதலிலிருந்தே ஏதோ சொல்ல வந்தீர்கள். சொல்லுங்கள், கேட்கிறேன். கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லுங்கள், பேருந்துக்கு நேரமாகிறது.